கனடாவில் போராடும் உரிமை: தெருவில் போலீஸ் முடிவு செய்கிறது, நீதிமன்றம் பத்து வருடம் கழித்து வருகிறது

2009 மே 10, ஞாயிற்றுக்கிழமை மாலை. டொரண்டோவின் கார்டினர் விரைவுச்சாலையில் ஸ்படைனா பக்கமாக ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்த நேரம். போர் நிறுத்தத்துக்குக் கனடா அழுத்தம் தர வேண்டும் என்பது கோரிக்கை. பெண்களும் குழந்தைகளும் கூட்டத்தில் இருந்தார்கள். நகரத்தின் முக்கியமான விரைவுச்சாலை சுமார் ஆறு மணி நேரம் முடங்கியது. போலீஸ் பேச்சுவார்த்தை நடத்தியது. பிரச்சினையை எடுத்துப் பேசுவதாக லிபரல் கட்சித் தரப்பிலிருந்து உறுதி வந்ததும் நள்ளிரவு வாக்கில் கூட்டம் கலைந்தது. கூண்டோடு கைது எதுவும் இல்லை.

பதின்மூன்று மாதம் கழித்து, 2010 ஜூன் 27, அதேபோல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அதே ஸ்படைனா சாலை, கொஞ்சம் வடக்கே குவீன் தெரு சந்திப்பு. அதே போலீஸ் தலைவர், பில் பிளேர். ஜி-20 மாநாட்டை எதிர்த்து வந்தவர்கள், வேடிக்கை பார்த்தவர்கள், வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் என எல்லோரையும் கலவரத் தடுப்புப் படை நாலாபக்கமும் சூழ்ந்து, கொட்டும் மழையில் சுமார் நான்கு மணி நேரம் நிற்க வைத்தது.

சட்டப்படி பார்த்தால் விரைவுச்சாலையை மறிப்பது குற்றம், தெருமுனையில் நிற்பது குற்றமல்ல. நடந்தது தலைகீழாக இருக்கிறதே, ஏன்? கனடாவில் போராட்டம் பற்றி வரும் செய்திகளைப் படிக்கிறவர்களுக்கு ஏற்படும் குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு நாள் "போராட்டம் அடிப்படை உரிமை" என்கிறார்கள். மறுநாள் நீதிமன்ற உத்தரவோடு போலீஸ் கூடாரங்களைப் பிரிக்கிறது. இன்னொரு நாள், பல வருடம் முன்பு நடந்த கைதுகள் தவறு என்று தீர்ப்பு வருகிறது. மூன்றும் உண்மைதான். எப்படி என்று அடியிலிருந்து பார்ப்போம்.

சாசனம் என்ன சொல்கிறது

கனடாவின் உரிமைகள் மற்றும் சுதந்திரங்கள் சாசனம் 1982-இல் அரசமைப்பின் பகுதியானது. போராட்டத்துக்குத் தேவையான பிரிவுகள் மூன்று.

1. பிரிவு 2. கருத்துச் சுதந்திரம், அமைதியாகக் கூடும் சுதந்திரம், சங்கமாகச் சேரும் சுதந்திரம் எல்லாம் இதற்குள் வருகின்றன. இதில் ஒரு விநோதம்: அமைதியாகக் கூடும் சுதந்திரத்தை விரித்து விளக்கி உச்ச நீதிமன்றம் பெரிதாக எதுவும் எழுதவில்லை. போராட்ட வழக்குகள் வந்தால் நீதிபதிகள் அவற்றைக் கருத்துச் சுதந்திரக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். நாற்பது வருடம் தாண்டியும் "கூடுவது" என்ற உரிமைக்கு எல்லைக்கோடு சரியாக வரையப்படவில்லை.

2. பிரிவு 1. எந்த உரிமைக்கும் நியாயமான வரம்பு விதிக்கலாம். ஆனால் அது சட்டத்தின் மூலம் வர வேண்டும். சுதந்திரமான ஜனநாயக சமூகத்தில் அந்த வரம்பு ஏன் தேவை என்று அரசு நிரூபிக்க வேண்டும். எப்படி நிரூபிப்பது என்பதை 1986-இல் ஓக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. நோக்கம் முக்கியமானதா, வழி பொருத்தமானதா, உரிமையை எவ்வளவு குறைவாகப் பாதிக்க முடியுமோ அவ்வளவுதான் பாதிக்கிறதா, கிடைக்கும் பலனும் ஏற்படும் சேதமும் பொருந்துகின்றனவா என்று வரிசையாகக் கேட்பார்கள்.

3. பிரிவு 33. "சாசனம் என்ன சொன்னாலும் இந்தச் சட்டம் செல்லும்" என்று நாடாளுமன்றமோ மாகாணச் சட்டமன்றமோ அறிவித்துக்கொள்ள இது வழிவிடுகிறது. ஐந்து வருடம் செல்லும், மறுபடியும் நீட்டிக்கலாம். பிரிவு 2-ஐ இதனால் ஓரங்கட்ட முடியும்.

சாசனம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியாரை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். குழாய் போடும் கம்பெனிக்கும் மரம் வெட்டும் கம்பெனிக்கும் இதனால் நேரடிக் கட்டுப்பாடு கிடையாது. பின்னால் இது பெரிய விஷயமாகும்.

தெருவில் உண்மையில் இயங்குபவை

சாசனம் நீதிமன்றத்தில் பேசப்படுவது. தெருவில் நிற்கும் போலீஸ்காரர் கையில் இருப்பவை வேறு.

1. அமைதிக் குலைவுக் கைது. குற்றவியல் சட்டத்தின் 31-ஆம் பிரிவு. பொது அமைதியைக் குலைக்கிறவரை, அதில் சேரப் போகிறவரைப் பிடித்து வைக்கலாம். ஆனால் இந்தப் பிரிவின் கீழ் வழக்குப் போட முடியாது; பிடிக்கலாம், கொஞ்ச நேரம் வைத்திருந்து விட்டுவிடலாம், அவ்வளவுதான். வழக்கு இல்லாவிட்டால் விசாரணை இல்லை. விசாரணை இல்லாவிட்டால் அந்தக் கைது சரியா என்று எந்த நீதிபதியும் பார்க்கப் போவதில்லை, பிடிபட்டவரே தன் காசைப் போட்டு வழக்குத் தொடுத்தால் ஒழிய.

2. சொத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுத்த குற்றம். பிரிவு 430. சாலை மறிப்பு, வாசல் மறிப்பு எல்லாவற்றுக்கும் இதுதான் வாடிக்கையான வழக்கு. 2022-இல் ஒட்டாவாவை முடக்கிய லாரி ஊர்வலத்தை நடத்திய இரண்டு பேர் 2025-இல் இந்தக் குற்றத்துக்காகத்தான் தண்டனை பெற்றார்கள்.

3. நகர விதிகளும் போக்குவரத்துச் சட்டமும். அபராதச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். செய்தியில் வராது, ஆனால் நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே ராத்திரியில் எழுதலாம்.

4. ஜாமீன் நிபந்தனை. வழக்கு முடியும்வரை எந்த ஆர்ப்பாட்டத்துக்கும் போகக் கூடாது, இன்னாரோடு பேசக் கூடாது. வழக்கு பிறகு தள்ளுபடியானாலும் இடைப்பட்ட மாதங்கள் போனது போனதுதான்.

5. நீதிமன்றத் தடை உத்தரவு. இதைத் தனியே பார்ப்போம்.

6. விசேஷச் சட்டங்கள். 1939-இல் எழுதிய பழையதும் இருக்கலாம், போன வாரம் அவசரமாக நிறைவேற்றிய புதியதும் இருக்கலாம்.

இந்தப் பட்டியலில் பெரும்பாலானவற்றைப் பயன்படுத்த முன்கூட்டியே யார் அனுமதியும் வேண்டாம். அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருக்கும் அதிகாரியின் மதிப்பீடு போதும். கார்டினரில் பேச்சுவார்த்தை நடந்ததும் குவீன் தெருவில் சுற்றிவளைத்ததும் ஒரே சட்டத்தின் கீழ்தான். சட்டம் மாறவில்லை, மதிப்பீடுதான் மாறியது. குவீன் தெரு சுற்றிவளைப்புக்கு முந்தைய நாள் கறுப்பு உடையணிந்த ஒரு குழு கடைக் கண்ணாடிகளை உடைத்து, போலீஸ் கார்கள் எரிந்திருந்தன. அந்தக் கோபம் மறுநாள் சம்பந்தமே இல்லாதவர்கள் மேல் இறங்கியது.

டொரண்டோ 2010: இல்லாத ஐந்து மீட்டர் விதி

ஜி-20 வார இறுதியில் 1,100-க்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள். கனடா வரலாற்றில் அதுவரை இப்படியொரு கூண்டோடு கைது நடந்ததில்லை. கிழக்கு டொரண்டோவில் ஒரு சினிமா ஸ்டுடியோவைத் தற்காலிகச் சிறையாக்கிக் கம்பிக் கூண்டுகளுக்குள் அடைத்தார்கள். பெரும்பாலானோர் மேல் வழக்கே பதிவாகவில்லை. மேலே சொன்ன முதல் கருவி முழுவீச்சில் இயங்கியது இங்கேதான்.

இதற்குப் பின்னால் ஒரு சட்டக் கூத்தும் உண்டு. அரசுக் கட்டடங்களைக் காக்க 1939-இல், போர்க்காலத்தில், ஒன்டாரியோ போட்ட சட்டம் ஒன்று இருந்தது: பொதுப்பணிப் பாதுகாப்புச் சட்டம். மாநாட்டு வளாகத்தைச் சுற்றிய வேலிக்கு அதைப் பொருத்தி மாகாண அமைச்சரவை சந்தடியில்லாமல் ஒரு விதிமுறை பிறப்பித்தது. சட்டமன்றத்தில் விவாதம் இல்லை, மக்களுக்கு அறிவிப்பு இல்லை. மாநாட்டுக்கு முந்தைய நாள்தான் செய்தித்தாளில் கசிந்தது. வேலிக்கு வெளியே ஐந்து மீட்டருக்குள் வருகிறவர்களை நிறுத்தி அடையாளம் கேட்கலாம், சோதனை போடலாம் என்று ஊர் முழுக்கப் பேச்சு. போலீஸ் தலைவரும் மறுக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, அப்படி ஐந்து மீட்டர் விதி எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

ஒன்டாரியோவின் குறைகேள் அதிகாரி ஆந்த்ரே மரான் அந்த டிசம்பரில் அறிக்கை வெளியிட்டார். அந்த விதிமுறை சட்டவிரோதமாக இருக்கும் வாய்ப்பே அதிகம் என்றும், கனடா வரலாற்றிலேயே குடியுரிமைகள் இவ்வளவு பெரிய அளவில் பறிபோனதில்லை என்றும் எழுதினார்.

நெருக்கத்தில் பார்க்க ஒரு சம்பவம். வேலிக்கு வெளியே, ஒரு நடைபாதையில், விலங்கு உரிமைக்காரர் ஒருவரை யார்க் வட்டாரப் போலீஸ் நிறுத்துகிறது. பையைத் திறந்து காட்டினால்தான் மேலே போகலாம் என்கிறார்கள். இது கனடா, எனக்கு உரிமை உண்டு என்கிறார் அவர். "இப்போது இது கனடா இல்லை" என்கிறார் ஒரு சார்ஜென்ட். எல்லாம் வீடியோவில் பதிவாகியிருக்கிறது. அவர் பணம் எதுவும் கேட்காமல், தன் உரிமை மீறப்பட்டது என்று அறிவித்தால் போதும் என்று வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் தோற்றார். 2015-இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: கருத்துச் சுதந்திரமும், பொதுச் சாலையில் தடையின்றி நடக்கும் உரிமையும் மீறப்பட்டன. ஐந்து வருடம்.

சுற்றிவளைக்க உத்தரவிட்ட மூத்த அதிகாரி அதே 2015-இல் துறை விசாரணையில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். முதலில் கிடைத்த தண்டனை, கண்டிப்பும் முப்பது நாள் விடுமுறைக் கழிப்பும். அடைபட்டவர்கள் போட்ட கூட்டு வழக்கு 2020 அக்டோபரில்தான் முடிந்தது. 16.5 மில்லியன் டாலர். ஆளுக்கு 5,000-இலிருந்து 24,700 வரை. அதற்குள் பில் பிளேர் போலீஸ் வேலையை விட்டு அரசியலுக்கு வந்து மத்திய அமைச்சராகியிருந்தார். 2022-இல் அவசரநிலைச் சட்டத்தை அமல்படுத்திய அமைச்சரவையில் அவசரநிலைத் தயார்நிலை இலாகா அவரிடம்தான் இருந்தது.

ஃபிளெமிங் தீர்ப்பு: எதிர்த்தரப்பு வாங்கித் தந்த பாதுகாப்பு

2009 மே மாதம், ஒன்டாரியோவின் கலிடோனியா. ஆறு தேசங்கள் எனப்படும் பூர்வகுடியினர் தங்கள் நிலம் என்று ஒரு வீட்டுமனைத் திடலைப் பிடித்து வைத்திருந்தார்கள். அதை எதிர்த்து நடந்த கொடி ஊர்வலத்துக்கு ஃபிளெமிங் என்பவர் கனடா கொடியோடு தனியாக நடந்து போகிறார். அவரைப் பார்த்துத் திடலில் இருந்த சிலர் அவரை நோக்கி வர, போலீஸ் கைது செய்தது அவரைத்தான். எந்தக் குற்றமும் செய்யவில்லை. அவரை விட்டுவைத்தால் மற்றவர்கள் அமைதியைக் குலைக்கக்கூடும் என்பதே காரணம்.

இது 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் ஒருமனதாகத் தீர்ந்தது. சட்டப்படி நடந்துகொள்கிறவரை, மற்றவர்கள் வன்முறையில் இறங்குவார்கள் என்ற பயத்தில் கைது செய்யும் அதிகாரம் போலீசுக்கு இல்லை. அப்படிக் கைதானவர் மேல் வழக்கு இருக்காது என்பதால், அந்த அதிகாரம் நீதிமன்றத்தின் கண்ணில் படாமலே தப்பித்துவிடும் என்பதையும் நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள்.

முற்போக்குத் தரப்பில் பலருக்கு அந்தக் கொடி ஊர்வலத்தின் நோக்கமே பிடிக்காது. எனக்கும்தான். ஆனால் இன்று பூர்வகுடிப் போராளியோ பாலஸ்தீன ஆதரவாளரோ இதே காரணத்தால் கைதானால், அவருடைய வழக்கறிஞர் முதலில் எடுத்துப் பிரிக்கும் தீர்ப்பு இதுதான்.

கியூபெக் 2012: சட்டியும் சட்டமும்

பல்கலைக்கழகக் கட்டணத்தை ஐந்து வருடத்தில் 1,625 டாலர் உயர்த்துவதாக ஜான் ஷாரே அரசு அறிவித்தது. 2012 பிப்ரவரியில் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். சட்டையில் சிவப்புத் துணிச் சதுரம் குத்திக்கொண்டு லட்சக்கணக்கில் தெருவில் நடந்தார்கள். மே 18-ஆம் தேதி மாகாணச் சட்டமன்றம் மசோதா 78-ஐ நிறைவேற்றியது. ஐம்பது பேருக்கு மேல் கூடினால் எட்டு மணி நேரம் முன்பே போலீசிடம் வழித்தடம் கொடுக்க வேண்டும். மீறும் சங்கத்துக்கு 1,25,000 டாலர் வரை அபராதம். அதே நாள் மாண்ட்ரியல் நகராட்சியும் பி-6 என்ற தன் விதியைத் திருத்தி, வழித்தடம் கட்டாயம், முகமூடி கூடாது என்றது.

பலன் எதிர்மாறாக இருந்தது. மாணவர் பிரச்சினை என்று ஒதுங்கியிருந்த குடும்பங்கள், இது நம் பேச்சுரிமை என்று ராத்திரி எட்டு மணிக்கு வாசலிலும் பால்கனியிலும் நின்று வாணலியையும் சட்டியையும் கரண்டியால் தட்டத் தொடங்கின. தெருமுனையில் பத்துப் பேர் தட்டுவார்கள், அடுத்த தெருவிலிருந்து இன்னும் பத்துப் பேர் சேர்வார்கள், கொஞ்ச நேரத்தில் அது ஊர்வலம். வழித்தடமே இல்லாத ஊர்வலத்துக்கு எட்டு மணி நேரம் முன்பு யார் போய் வழித்தடம் கொடுப்பது?

செப்டம்பர் தேர்தலில் ஷாரே தோற்றார். புதிய அரசு கட்டண உயர்வையும் மசோதா 78-இன் கடுமையான விதிகளையும் நீக்கியது. கவனியுங்கள், இதைச் செய்தது நீதிமன்றம் அல்ல, தேர்தல். நீதிமன்றத்துக்குப் போன பி-6 கதை மெதுவாகவே நகர்ந்தது. முகமூடித் தடை 2016-இல் செல்லாது என்றானது. வழித்தட விதிக்கு 2018-இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அடி விழுந்தது. அந்த இடைவெளியில் அந்த விதிகளைக் காட்டி ஆயிரக்கணக்கானோரைச் சுற்றிவளைத்துச் சீட்டு எழுதியாயிற்று. 2023-இல் மாண்ட்ரியல் நகராட்சி மன்னிப்புக் கேட்டு, 6 மில்லியன் டாலர் கொடுத்துக் கூட்டு வழக்குகளை முடித்துக்கொண்டது.

தடை உத்தரவு: கம்பெனி கேட்கிறது, போலீஸ் நிறைவேற்றுகிறது

என் பார்வையில் கனடாவின் போராட்டச் சட்டத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் மிகப் பலமானதும் இதுதான். இயங்கும் விதம் இப்படி:

1. ஒரு கம்பெனி, தன் வேலையை மறிக்கிறார்கள் என்று நீதிமன்றத்துக்குப் போகிறது. பெயர் தெரிந்த சிலரோடு "பெயர் தெரியாத மற்றவர்கள்" என்றும் எதிர்த்தரப்பில் சேர்க்கிறது. அதாவது நாளை அங்கே வரப்போகிறவரும் இந்த வழக்கில் அடக்கம்.

2. நீதிபதி மூன்று கேள்வி கேட்கிறார்: வழக்கில் விஷயம் இருக்கிறதா? தடை தராவிட்டால் ஈடுசெய்ய முடியாத நஷ்டமா? இரு தரப்பில் யாருக்குச் சிரமம் அதிகம்? கம்பெனி நாள் கணக்கில் நஷ்டத்தை டாலரில் எழுதிக் காட்டும். காடும் ஆறும் எங்கள் வாழ்வு என்பதற்கு அந்தத் தாளில் இடம் இல்லை.

3. உத்தரவை மீறினால் அது நீதிமன்ற அவமதிப்பு. ஏன் மீறினாய் என்பது அங்கே எடுபடாது. நிலம் யாருடையது என்ற அடிப்படைக் கேள்வி, பிறகு எப்போதோ வரவேண்டிய முழு விசாரணைக்குத் தள்ளிப்போகிறது. பல சமயம் அந்த விசாரணை வருவதே இல்லை. அதற்குள் குழாய் பதிந்துவிடும், மரம் விழுந்துவிடும்.

4. தனியார் வாங்கிய உத்தரவை நிறைவேற்றப் போவது அரசுப் போலீஸ். சாசனம் தனியாரைக் கட்டுப்படுத்தாது என்று முன்பு சொன்னது இங்கே வேலை செய்கிறது.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெட்சுவெட்டன் பூர்வகுடியினரின் நிலம் வழியாக 670 கிலோமீட்டர் எரிவாயுக் குழாய். திட்டத்துக்குச் சம்மதித்தவை பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துகள்; எதிர்த்தவர்கள் பரம்பரைத் தலைவர்கள். பூர்வகுடியினரின் நில உரிமை அழிந்துவிடவில்லை என்று 1997-இல் டெல்கமூக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் இதே வெட்சுவெட்டன் பரம்பரைத் தலைவர்களும் உண்டு. ஆனாலும் 2019 டிசம்பர் கடைசி நாளில் கம்பெனிக்குத் தடை உத்தரவு கிடைத்தது. 2020 பிப்ரவரியில் மத்தியப் போலீஸ் முகாம்களைக் கலைத்தது. அதைக் கண்டித்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, ஒன்டாரியோவின் டயண்டினேகாவில் மோஹாக் பூர்வகுடி மக்கள் ரயில் பாதையோரம் உட்கார, நாட்டின் கிழக்குப் பகுதியில் சரக்கு ரயில் நின்றே போனது. அந்த ஜூனில் ஆல்பர்ட்டா ஒரு சட்டம் போட்டது: சாலை, ரயில், குழாய் போன்ற முக்கியக் கட்டமைப்பை மறிப்பவருக்கு முதல் நாள் 10,000 டாலர் வரை, தொடர்ந்தால் நாளுக்கு 25,000 வரை அபராதம்.

யெல்லோஹெட் என்ற பூர்வகுடி ஆய்வு மையம் 2019-இல் நூற்றுக்கு மேற்பட்ட தடை உத்தரவு வழக்குகளை ஆராய்ந்தது. பூர்வகுடியினருக்கு எதிராகக் கம்பெனிகள் கேட்டவற்றில் 76 சதவீதம் கிடைத்தன. கம்பெனிகளுக்கு எதிராகப் பூர்வகுடியினர் கேட்டவற்றில் 81 சதவீதம் மறுக்கப்பட்டன. சட்டத்தின் வாசகம் இரு தரப்புக்கும் ஒன்றுதான்.

வான்கூவர் தீவின் ஃபேரி கிரீக் காட்டில் 2021-இல் மரம் வெட்டுவதை மறித்தவர்களில் 1,100-க்கு மேல் கைது. அந்த செப்டம்பரில் தடை உத்தரவை நீட்டிக்க ஒரு நீதிபதி மறுத்தார். போலீஸ் நடந்துகொண்ட விதம் நீதிமன்றத்தின் நற்பெயரையே கெடுக்கிறது என்பது அவர் காரணங்களில் முக்கியமானது. மேல்முறையீட்டில் உத்தரவு மீண்டது. அப்புறம் 2023-இல் இன்னொரு திருப்பம்: கைதுக்கு முன் போலீஸ் படித்துக்காட்டிய சுருக்க அறிவிப்பு உத்தரவின் சாரத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்று ஒரு நீதிபதி சொல்ல, பல அவமதிப்பு வழக்குகள் சரிந்தன.

2024-இல் பல்கலைக்கழக வளாகங்களில் பாலஸ்தீன ஆதரவு மாணவர்கள் கூடாரம் போட்டபோதும் இதே கருவிதான். மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகம் அவசரத் தடை கேட்டது, கிடைக்கவில்லை. டொரண்டோ பல்கலைக்கழகம் கேட்டது, ஜூலை 2-ஆம் தேதி கிடைத்தது. வழக்கில் பெயர் குறிப்பிடப்பட்ட மாணவர்கள் வன்முறையிலோ யூத வெறுப்பிலோ ஈடுபட்டதாக ஆதாரம் இல்லை என்று டொரண்டோ நீதிபதியே எழுதினார். ஆனால் யார் உள்ளே வரலாம் என்பதை ஒரு குழு தன் கையில் எடுத்துக்கொள்ள முடியாது, அது சொத்துக்கு உரியவரின் உரிமை என்று முடித்தார். சாசனம் அங்கே பொருந்தாது என்பதும் அவர் முடிவு.

ஒட்டாவா 2022: எல்லாக் கட்சியும் இடம் மாறி நின்ற போராட்டம்

எல்லை தாண்டும் லாரி ஓட்டுநர்களுக்குத் தடுப்பூசி கட்டாயம் என்பதை எதிர்த்து 2022 ஜனவரி கடைசியில் லாரிகள் ஒட்டாவாவுக்கு வந்து, நாடாளுமன்றத்துக்கு எதிரே வெலிங்டன் தெருவில் நின்றுவிட்டன. மூன்று வாரம். ராத்திரி பகலாக ஏர்ஹாரன். அந்தச் சத்தத்தை நிறுத்தியது போலீஸ் அல்ல. அங்கே குடியிருந்த ஓர் இளம்பெண் தொடுத்த வழக்கில் வந்த தடை உத்தரவு. கம்பெனிகளின் ஆயுதம் என்று மேலே சொன்னது, சாதாரணக் குடிமகளின் கையிலும் ஒரு தரம் வேலை செய்தது.

பிப்ரவரி 14 அன்று ஜஸ்டின் ட்ரூடோ அரசு அவசரநிலைச் சட்டத்தை அமல்படுத்தியது. 1970 அக்டோபர் நெருக்கடியில் அவருடைய தந்தை பியர் ட்ரூடோ போர்க்கால நடவடிக்கைகள் சட்டத்தை அமல்படுத்தி, கியூபெக்கில் நூற்றுக்கணக்கானோரை வழக்கில்லாமல் பிடித்து வைத்தார். அந்தக் கசப்பான அனுபவத்தால் 1988-இல் எழுதிய சட்டம்தான் இது. அதனால் கடிவாளங்கள் அதிகம். மற்ற எந்தச் சட்டத்தாலும் சமாளிக்க முடியாத நிலை வேண்டும். நாட்டின் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் வேண்டும். அதற்கான வரையறை உளவுத்துறைச் சட்டத்திலிருந்து எடுத்தது, ஆட்களுக்கோ சொத்துக்கோ கடுமையான வன்முறை என்பது அதன் மையம். சட்டத்துக்கு உட்பட்ட போராட்டம் அதில் சேராது என்று வரையறையே சொல்கிறது.

வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன, சுமார் 280. போலீஸ் தெருவைக் காலி செய்தது. 23-ஆம் தேதி சட்டம் வாபஸ். பிறகு வந்த முடிவுகள் இரண்டு, ஒன்றுக்கொன்று எதிர்.

1. சட்டமே கட்டாயமாக்கிய விசாரணைக் குழு. நீதிபதி பால் ரூலோ 2023 பிப்ரவரியில், சட்டத்தின் நிபந்தனைகள் நிறைவேறின என்றார். தயக்கத்தோடுதான் இந்த முடிவுக்கு வருவதாகவும் சொன்னார்.

2. மத்திய நீதிமன்றம். நீதிபதி ரிச்சர்ட் மோஸ்லி 2024 ஜனவரியில், அமல்படுத்தியது நியாயமற்றது, கருத்துச் சுதந்திரமும் காரணமற்ற சோதனைக்கு எதிரான பாதுகாப்பும் மீறப்பட்டன என்றார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.

ஜி-20-க்கும் டயண்டினேகாவுக்கும் குரல் கொடுத்த முற்போக்காளர்களில் பலர் அந்த பிப்ரவரியில் கைதட்டினார்கள். ரயில் மறிப்பை உடனே கலைக்கச் சொன்ன பழமைவாதிகள் திடீரென்று போராட்ட உரிமை பேசினார்கள். ஒட்டாவா மக்கள் பட்ட அவதி நிஜம், ஊர்வலக்காரர்களின் கோரிக்கைகளில் பாதி அபத்தம். ஆனாலும் இருக்கிற போக்குவரத்துச் சட்டத்தையே அமல்படுத்தாமல் இருந்துவிட்டு, வழக்கு எதுவும் இல்லாமல் வங்கிக் கணக்கை முடக்கும் அதிகாரத்தை அரசு எடுத்துக்கொண்டதை ஆதரிக்க என்னால் முடியவில்லை. அடுத்த முறை அந்தக் கணக்கு குழாய் எதிர்ப்பாளருடையதாக இருக்கும்.

தாமதத்துக்கு என்ன விலை

மேலே பார்த்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சம்பவத்துக்கும் தவறு என்ற தீர்ப்புக்கோ இழப்பீட்டுக்கோ இடையே பெரும்பாலும் சுமார் இரண்டு வருடத்திலிருந்து பத்துக்கு மேல் வரை. இழப்பீட்டைக் கொடுப்பது வரி கட்டும் மக்கள். உத்தரவிட்டவர்கள் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார்கள், பதவி உயர்ந்திருப்பார்கள். போராட்டத்துக்கோ நேரம்தான் எல்லாமே: மாநாடு இரண்டு நாள், மரம் விழ ஒரு மணி நேரம். ஆகவே போலீசும் நகராட்சியும் சாசனத்தை மீறுவது தெரிந்தே எடுக்கும் ஒரு செலவுக் கணக்காகிவிடும் ஆபத்து இருக்கிறது. டொரண்டோ நகராட்சி 2025 மே மாதம் பள்ளிகள், வழிபாட்டுத் தலங்களைச் சுற்றிக் கேட்டுக்கொண்டால் 50 மீட்டர் வரை ஆர்ப்பாட்டத்துக்குத் தடை விதிக்கும் விதியைக் கொண்டுவந்தது. மீறினால் 5,000 டாலர் வரை அபராதம். வழிபாட்டுக்குப் போகிறவர்களை மிரட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பது நியாயமான நோக்கமே. ஆனால் மிரட்டலுக்கு எதிரான குற்றப்பிரிவு ஏற்கெனவே இருக்கும்போது இந்த வரம்பு தேவையா என்பதுதான் ஓக்ஸ் சோதனையில் வரும் கேள்வி.

பிரிவு 33: தாமதமான தீர்ப்பும் வராத வழி

இவ்வளவு தாமதமாக வந்தாலும் ஒரு தீர்ப்பு வருகிறது. பிரிவு 33-ஐப் பயன்படுத்தினால் அதுவும் சந்தேகம்.

2022 நவம்பரில் ஒன்டாரியோ அரசு 55,000 கல்விப் பணியாளர்களின் வேலைநிறுத்தத்தைத் தடுக்க மசோதா 28-ஐ இந்தப் பிரிவோடு நிறைவேற்றியது. மீறினால் ஆளுக்கு நாளொன்றுக்கு 4,000 டாலர் அபராதம். பள்ளிக்கூட உதவியாளர்களும் துப்புரவுப் பணியாளர்களும் அப்படியும் மறுநாள் வேலைக்குப் போகவில்லை. மற்றத் தொழிற்சங்கங்களும் சேர்ந்து கிளம்பும் போலிருக்கவே, சில நாட்களில் முதல்வர் டக் ஃபோர்ட் பின்வாங்கினார். சட்டம் அந்த மாதமே ரத்து. 2025 அக்டோபரில் ஆல்பர்ட்டா அதே பிரிவை வைத்து 51,000 ஆசிரியர்களின் வேலைநிறுத்தத்தை முடித்தது. இந்த முறை அரசு பின்வாங்கவில்லை. வேலைநிறுத்த உரிமை சாசனத்தில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 2015-இலேயே சொல்லியிருந்தும் இதுதான் நிலை.

சில அரசு ஊழியர்கள் மத அடையாளம் அணிவதற்குக் கட்டுப்பாடு விதிக்கும் கியூபெக்கின் 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே பிரிவின் நிழலில்தான் நிற்கிறது. அதை எதிர்க்கும் வழக்கை ஏற்க உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சம்மதித்தது. சட்டத்தை ரத்து செய்ய முடியாவிட்டாலும், "இது உரிமையை மீறுகிறது" என்று அறிவிக்கவாவது நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்பது அந்த வழக்கில் எழும் கேள்விகளில் ஒன்று. உண்டு என்றானால், அரசு பிரிவு 33-ஐக் கையில் எடுத்தாலும் மீறல் மீறல்தான் என்று எழுத்தில் பதிவாகும். அடுத்த தேர்தலில் வாக்காளர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம். இல்லை என்றானால், ஆசிரியர்களும் அவர்களைப் போன்றவர்களும் பத்து வருடம் காத்திருந்து வாங்கக்கூடத் தீர்ப்பு எதுவும் இருக்காது.